மான்ட்கமரியில் ஒரு நாற்காலி

1954 ஜூன் 18, வெள்ளிக்கிழமை. இரவு ஒன்பது மணி இருக்கும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஃபீனிக்ஸ் சிட்டி என்ற சிறு நகரத்தில், ஆல்பர்ட் பேட்டர்சன் என்ற வழக்கறிஞர் மாடியிலிருந்த தன் அலுவலகத்தைப் பூட்டிவிட்டுக் கீழே இறங்கினார். முதல் உலகப்போரில் பட்ட காயத்தால் காலைத் தாங்கித் தாங்கி நடப்பவர். கட்டடத்தை ஒட்டிய சந்தில் கார் நின்றது. அதை நெருங்கியபோது யாரோ மிக அருகிலிருந்து சுட்டார்கள். தள்ளாடியபடி நடைபாதை வரை வந்தவர் அங்கேயே விழுந்து இறந்தார்.

அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக அவர் தேர்வாகியிருந்தார். அன்றைய அலபாமாவில் அந்தக் கட்சியின் உள்தேர்தலில் வென்றாலே பதவி கையில் வந்த மாதிரி. நவம்பர் தேர்தல் வெறும் சடங்கு.

மேயரையோ கவர்னரையோ கொன்றார்கள் என்றால் காரணம் சுலபமாகப் புரியும். ஒரு வக்கீல் பதவிக்கு வரப்போகிறவரை ஏன் கொல்ல வேண்டும்? சட்டாஹூச்சி ஆற்றின் எதிர்க்கரையில் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரம். அதை ஒட்டி ஃபோர்ட் பென்னிங் ராணுவ முகாம். சம்பள நாளன்று ஆற்றைக் கடந்து வரும் சிப்பாய்களின் பையைக் காலி செய்வதே ஃபீனிக்ஸ் சிட்டியின் தொழில். சூதாட்டம், விபச்சாரம், கள்ளச்சாராயம். ஷெரீஃப் அலுவலகமும் உள்ளூர் அரசு வக்கீலும் அந்தக் கும்பலோடு கைகோத்திருந்தார்கள். ஊரைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லித்தான் பேட்டர்சன் ஓட்டு கேட்டார். மாநில அட்டர்னி ஜெனரலுக்கு உள்ளூர் அரசு வக்கீலை ஓரமாக நிறுத்திவிட்டு வழக்கைத் தானே நடத்தும் அதிகாரம் உண்டு. கும்பல் பயந்தது அந்த ஓர் அதிகாரத்துக்குத்தான்.

கொலைக் குற்றம் சாட்டப்பட்ட மூவரைப் பார்த்தால் நிலைமை விளங்கும். ஒருவர் ஷெரீஃபின் தலைமைத் துணை அதிகாரி ஆல்பர்ட் ஃபுல்லர். இன்னொருவர் உள்ளூர் அரசு வக்கீல் ஆர்ச் ஃபெரெல். மூன்றாமவர் சை காரெட், அப்போது பதவியில் இருந்த மாநில அட்டர்னி ஜெனரலேதான்! பேட்டர்சனைத் தோற்கடிக்க பர்மிங்ஹாமில் ஓட்டு எண்ணிக்கையைத் திருத்திய விவகாரத்திலும் காரெட், ஃபெரெல் ஆகிய இருவரின் பெயர்கள் அடிபட்டன. ஃபுல்லருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. ஃபெரெல் விடுதலையானார். மனநல மருத்துவமனையில் சேர்ந்த காரெட் கடைசி வரை விசாரணைக் கூண்டில் ஏறவே இல்லை. கவர்னர் ராணுவ ஆட்சியை அறிவித்து, தேசியக் காவல் படையை ஊருக்குள் அனுப்பிய பிறகுதான் சூதாட்ட விடுதிகள் மூடப்பட்டன.

இறந்தவரின் மகன் ஜான் பேட்டர்சன் அப்பாவின் இடத்தில் வேட்பாளரானார். 1955 ஜனவரியில் மாநிலத் தலைநகர் மான்ட்கமரியில் அந்த நாற்காலியில் அமர்ந்தபோது அவருக்கு வயது 33.

இந்த நாற்காலியைப் பற்றித் தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் விளக்கம் தேவை. நம் மாநிலங்களில் அட்வகேட் ஜெனரல் என்று ஒருவர் இருக்கிறார். அரசியலமைப்பின் 165ஆவது பிரிவின்படி ஆளுநர் அவரை நியமிக்கிறார். நடைமுறையில் அது அமைச்சரவையின் தேர்வு. ஆட்சி மாறினால் அவரும் மாறுவார். அரசு சொல்வதை நீதிமன்றத்தில் எடுத்துச் சொல்வது அவர் வேலை. அமெரிக்காவின் 50 மாநிலங்களில் 43இல் இதற்கு நிகரான பதவிக்கு மக்களே நேரடியாக ஓட்டுப்போட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஐந்து மாநிலங்களில் கவர்னர் நியமிக்கிறார். மெய்னில் சட்டமன்றமும் டென்னசியில் மாநில உச்ச நீதிமன்றமும் தேர்வு செய்கின்றன. பெயரும் வேரும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. அங்கே அட்டர்னி ஜெனரல் அரசரின் வக்கீல். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கவர்னர் கையில் எல்லா அதிகாரத்தையும் குவிக்கக் கூடாது என்ற எண்ணம் வலுத்தபோது, மாநிலம் மாநிலமாக இந்தப் பதவியையும் ஓட்டுப்பெட்டிக்குக் கொண்டுவந்தார்கள். அரசரின் வக்கீல் இப்படித்தான் மக்களின் வக்கீல் ஆனார்.

அதனால் கவர்னர் ஒரு கட்சியாகவும் அட்டர்னி ஜெனரல் இன்னொரு கட்சியாகவும் இருக்கலாம். கவர்னரால் அவரை நீக்க முடியாது. கவர்னர் மீதே அவர் வழக்குத் தொடரலாம். அன்றாட வேலை என்னவோ பரபரப்பில்லாததுதான். குற்றவாளிகள் மேல்முறையீடு செய்தால் தண்டனையைக் காத்து வாதிட வேண்டும். மாநிலத்தின் சட்டத்தை யாராவது நீதிமன்றத்துக்கு இழுத்தால் அதற்கு வக்காலத்து வாங்க வேண்டும். ஏமாற்று வியாபாரிகள் மீது நுகர்வோர் சார்பில் வழக்குப் போட வேண்டும். ஏதோ ஒரு கிராமப்புற மாவட்ட நிர்வாகமோ பள்ளி வாரியமோ "இதை நாங்கள் செய்யலாமா?" என்று எழுதிக் கேட்டால் சட்டக் கருத்து எழுதி அனுப்ப வேண்டும். அந்தக் கருத்து தீர்ப்பு ஆகாது. ஆனாலும் கீழே உள்ள அதிகாரிகள் பெரும்பாலும் அதை மீறுவதில்லை.

கவர்னரிடமிருந்து விடுதலை கிடைத்துவிட்டது, சரி. ஓட்டுப் போடுகிறவர்களிடமிருந்து? மக்களின் வக்கீல் என்றால் எந்த மக்கள்? ஆல்பர்ட் பேட்டர்சனின் மகன் அந்த நாற்காலியில் என்ன செய்தார் என்று பார்த்தால் இந்தக் கேள்வியின் கூர்மை தெரியும்.

1955 டிசம்பரில் மான்ட்கமரியில் கறுப்பின மக்கள் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார்கள். மார்ட்டின் லூதர் கிங் என்ற 26 வயதுப் பாதிரியாரின் பெயரை உலகம் முதன்முதலாகக் கேட்டது. 1956 ஜூனில் ஜான் பேட்டர்சன் என்ஏஏசிபி என்ற கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தின் மீது மாநில நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். அவர் எடுத்த ஆயுதம் ஒரு வணிகப் பதிவுச் சட்டம். வெளி மாநிலத்தில் பதிவான நிறுவனம் அலபாமாவில் இயங்க வேண்டுமென்றால் இங்கேயும் பதிவு செய்ய வேண்டும். சங்கமோ நியூயார்க்கில் பதிவானது. நீதிபதி உடனே தடை விதித்தார். அடுத்து உறுப்பினர் பட்டியலைக் கொடு என்றார்கள். அந்தப் பட்டியல் வெளியே போனால் பெயர் உள்ள ஒவ்வொருவருக்கும் வேலை போகும், கடன் நிற்கும், இரவில் வீட்டுக் கதவு தட்டப்படும். சங்கம் மறுத்தது. அபராதம் 10,000 டாலர். அது ஒரு லட்சமாக உயர்ந்தது.

1958இல் வாஷிங்டனில் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. பெயரை வெளியிடாமல் ஒன்றுகூடுவதும் உரிமைதான் என்று சொன்ன அந்தத் தீர்ப்பை இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாகப் படிக்கிறார்கள். ஆனால் அலபாமாவின் நீதிமன்றங்கள் இழுத்தடித்தன. வழக்கு திரும்பத் திரும்ப உச்ச நீதிமன்றப் படியேறி, 1964இல்தான் சங்கம் அந்த மாநிலத்தில் மறுபடி தலைகாட்ட முடிந்தது. எட்டு வருடம்! பேருந்துப் புறக்கணிப்பு, உணவு விடுதி மறியல்கள், பர்மிங்ஹாம் போராட்டம் என்று வரலாறு கொதித்த அந்த எட்டு வருடமும் நாட்டின் மிகப் பழைய உரிமைச் சங்கம் அலபாமாவில் வாய்ப்பூட்டோடு இருந்தது. அதற்குத் தேவைப்பட்டது லத்தியோ துப்பாக்கியோ அல்ல; ஒரு மனு.

அதே 1958இல் ஜான் பேட்டர்சன் கவர்னராகத் தேர்வானார். உள்தேர்தலில் அவர் தோற்கடித்தது ஜார்ஜ் வாலஸை. இனப்பிரிவினையை ஆதரிக்காத எவரும் அன்றைக்கு ஜெயித்திருக்க முடியாது என்று முதுமையில் பேட்டர்சன் சொன்னார். அது சாக்கு மட்டும் இல்லை, உண்மையும்கூட, அதுதான் வேதனை. தலைவரி, எழுத்தறிவுத் தேர்வு என்று வேலி மேல் வேலி போட்டு, கறுப்பின மக்களில் பெரும்பாலோரை வாக்காளர் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். கறுப்பினத்தார் பெரும்பான்மையாக வாழ்ந்த லௌண்ட்ஸ் மாவட்டத்தில் 1965 தொடக்கத்தில் பதிவு பெற்ற கறுப்பின வாக்காளர் ஒருவர்கூட இல்லை. அவர்களும் அந்த வக்கீலின் கட்சிக்காரர்கள்தான். ஆனால் வக்கீலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை.

இந்தக் கணக்கை மீறி நடந்துபார்த்தவர் ரிச்மண்ட் ஃப்ளவர்ஸ். 1962இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர். 1965இல் கறுப்பின மக்களின் வாக்குரிமை கேட்டு நடந்த செல்மா பேரணிக்கு வந்த வயோலா லியூசோ என்ற வெள்ளைப் பெண்மணியை லௌண்ட்ஸ் மாவட்டத்தில் கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். ஆகஸ்டில் அதே மாவட்டத்தின் ஹேன்வில் ஊரில் ஜொனாதன் டேனியல்ஸ் என்ற இறையியல் மாணவர் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். இரண்டு வழக்குகளிலும் ஃப்ளவர்ஸ் நேரடியாக இறங்கினார். டேனியல்ஸ் வழக்கில் கொலைக் குற்றம் சாட்ட வேண்டும் என்று அவர் போராடியபோது நீதிபதி அவரை வழக்கிலிருந்தே விலக்கினார். இரண்டிலும் வெள்ளையர் ஜூரிகள் விடுதலைத் தீர்ப்பு சொல்லின. மறு வருடம் கறுப்பின வாக்காளர்களை வெளிப்படையாக நாடி கவர்னர் தேர்தலில் நின்ற ஃப்ளவர்ஸ், வாலஸின் மனைவி லர்லீனிடம் படுதோல்வி கண்டார். பிற்பாடு மிரட்டிப் பணம் பறித்த வழக்கில் அவரே தண்டனை பெற்றுச் சிறை சென்றதையும், 1978இல் ஜனாதிபதி கார்ட்டர் மன்னிப்பு வழங்கியதையும் சேர்த்துச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

1965 ஆகஸ்டில் வாக்குரிமைச் சட்டம் வந்தது. வாக்காளர் பட்டியல் மாறியது. நாற்காலியும் மாறியது. எப்படி என்று பார்க்க இரண்டு வருடம் பின்னே போக வேண்டும்.

1963 செப்டம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை. பர்மிங்ஹாமில் பதினாறாம் தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. ஆடி மே காலின்ஸ், சிந்தியா வெஸ்லி, கேரல் ராபர்ட்சன், டெனிஸ் மெக்நேர் என்று நான்கு சிறுமிகள் இறந்தார்கள். முதல் மூவருக்கும் வயது 14, டெனிஸுக்கு 11. செய்தி கேட்டபோது பில் பாக்ஸ்லி சட்டக் கல்லூரி மாணவர். இதற்கு ஏதாவது செய்தே தீருவேன் என்று அன்று நினைத்தவர், 1970இல் அட்டர்னி ஜெனரலாகத் தேர்வானார். பதவியேற்றபோது வயது 29. வெளியூர்களுக்குப் பேச அரசு அவருக்கு ஒரு தொலைபேசி அட்டை கொடுத்தது. அட்டையின் நான்கு மூலைகளிலும் அந்த நான்கு பெயர்களை அவர் எழுதிவைத்தார். ஒவ்வொரு முறை எண்ணைப் படிக்க அட்டையை எடுக்கும்போதும் பெயர்கள் கண்ணில் படும்.

குற்றவாளிகள் யார் என்பது எஃப்.பி.ஐ.க்கு 1965லேயே தெரியும். பர்மிங்ஹாம் அலுவலகம் நால்வரின் பெயரைக் குறித்து வழக்குப் போடலாம் என்று எழுதியது. இயக்குநர் எட்கர் ஹூவர் மறுத்துவிட்டார். 1968இல் கோப்பை மூடினார்கள். பாக்ஸ்லி அந்தக் கோப்புகளைக் கேட்டார். வருடக்கணக்கில் கதவைத் தட்டினார். கடைசியில், இறந்த சிறுமிகளின் பெற்றோரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் பத்திரிகையாளர்களைக் கூட்டுவேன் என்று அவர் எச்சரித்ததும், லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நிருபர் ஜாக் நெல்சன் வாஷிங்டனில் அழுத்தம் கொடுத்ததும் சேர்ந்து, சில கோப்புகளுக்கு மட்டும் வழி திறந்தது. 1976இல் ஓர் இனவெறி அமைப்பின் தலைவர் அவரை மிரட்டிக் கடிதம் எழுதினார். அரசு முத்திரை அச்சிட்ட தாளில் ஒரே வரியில் பாக்ஸ்லி பதில் அனுப்பினார். அது வசவு; பத்திரிகைத் தமிழில் பெயர்க்க முடியாதது.

1977 நவம்பரில் எஃப்.பி.ஐ. குறித்த அந்த நால்வரில் ஒருவரான 73 வயது ராபர்ட் சாம்ப்ளிஸை ஜூரி முன் நிறுத்தினார்கள். மனைவி வழி உறவுப் பெண் ஒருவர் துணிந்து சாட்சி சொன்னார். முடிவுரை நிகழ்த்திய நவம்பர் 17, டெனிஸ் மெக்நேரின் பிறந்தநாள். உயிரோடு இருந்திருந்தால் 26 முடிந்திருக்கும் என்று பாக்ஸ்லி ஜூரியிடம் நினைவூட்டினார். மறுநாள் தீர்ப்பு வந்தது: குற்றவாளி. சாம்ப்ளிஸ் 1985இல் சிறையிலேயே இறந்தார்.

21 வருடங்களுக்கு முன் கறுப்பினத்தாரின் சங்கத்தை வாயடைத்ததும் இதே அலுவலகம்தான். சட்டத்தில் பதவியின் அதிகாரம் அப்படியேதான் இருந்தது. ஓட்டுப் போட வந்தவர்களின் வரிசைதான் நீண்டிருந்தது. அந்த வரிசை மட்டுமே எல்லாவற்றையும் செய்துவிடாது என்பதும் உண்மை. புது வாக்காளர்களின் ஆதரவு இருந்தும் 1978 கவர்னர் தேர்தலில் பாக்ஸ்லி தோற்றார். தேவாலய வழக்கு அவருக்குப் பல வெள்ளையர்களின் ஓட்டை இழக்கவைத்தது என்று கருதியவர்கள் பலர். தோற்கக்கூடும் என்று தெரிந்தே அவர் வழக்கை நடத்தினார். இந்தப் பதவியின் வரலாற்றில் மதிக்கத்தக்க இடம் இதுதான்.

பதவிக்குள்ளேயும் அவர் ஒன்று செய்தார். அந்த அலுவலகத்தின் முதல் கறுப்பின உதவி அட்டர்னி ஜெனரலாக மைரன் தாம்ப்சன் என்ற இளைஞரை 1972இல் சேர்த்தார். தாம்ப்சன் பின்னர் கூட்டாட்சி நீதிபதியானார். மாநிலத் தலைமை நீதிபதி ராய் மூர் நீதிமன்றக் கட்டடத்துக்குள் பைபிளின் பத்துக் கட்டளைகளைப் பெரிய கருங்கல்லில் செதுக்கி நிறுவியபோது, அது அரசியலமைப்புக்கு விரோதம் என்று 2002இல் தீர்ப்பளித்தவர் அவர்தான். மூர் உத்தரவை மீறினார். 2003இல் மூர் மீது நீதித்துறை ஒழுங்கு மன்றத்தில் வழக்கு நடத்தி அவர் பதவியைப் பறித்தவர் அன்றைய அட்டர்னி ஜெனரல் பில் பிரையர். பிரையரும் மூரைப் போலவே பழமைவாதி, குடியரசுக் கட்சிக்காரர். மூரை நேசித்த வாக்காளர்களே அவருடைய வாக்காளர்களும்.

கவர்னரைத் தண்டித்த கதையும் இந்த நாற்காலிக்கு உண்டு. 1986இல் அட்டர்னி ஜெனரலாக இருந்த சார்லி கிராடிக், ஜனநாயகக் கட்சியின் கவர்னர் வேட்பாளர் போட்டியில் பாக்ஸ்லியை மயிரிழையில் முந்தினார். எதிர்க்கட்சி வாக்காளர்களும் வந்து தனக்கு ஓட்டுப்போடலாம் என்று அவர் ஊக்கப்படுத்தியது கட்சி விதிக்கு விரோதம். விதியைக் காக்க வேண்டிய பதவியில் இருந்துகொண்டே அதை மீறினார் என்று நீதிமன்றம் கண்டது. கட்சி பாக்ஸ்லியை வேட்பாளராக்கியது. இந்தக் குழப்பத்தில் கோபமடைந்த மக்கள் கய் ஹண்ட் என்ற குடியரசுக் கட்சிக்காரரைக் கவர்னராக்கினார்கள். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுகட்டமைப்புக் காலம் முடிந்த பிறகு அந்தக் கட்சிக்கு அலபாமாவில் கிடைத்த முதல் கவர்னர். 1993இல் அட்டர்னி ஜெனரல் ஜிம்மி எவன்ஸ் அந்த ஹண்ட் மீது வழக்கு நடத்தினார். பதவியேற்பு விழா நிதியிலிருந்து இரண்டு லட்சம் டாலரை எடுத்துச் சொந்தத்துக்குச் செலவழித்தார் என்பது குற்றச்சாட்டு. ஜூரி குற்றவாளி என்றது. அன்றே பதவி போனது. நியமனத்தில் வந்த வக்கீலால் தன்னை நியமித்தவரை இப்படி இறக்க முடியுமா? அடுத்த வருடம் எவன்ஸ் தேர்தலில் தோற்றார். வென்றவர் ஜெஃப் செஷன்ஸ், பிற்பாடு டிரம்ப் ஆட்சியில் நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனவர். ஹண்டுக்கு 1998இல் மாநில மன்னிப்பு வாரியம் மன்னிப்பு அளித்தது.

பக்கத்து மாநிலமான மிஸ்ஸிஸிப்பியில் இந்தப் பதவியின் கை இன்னும் நீண்டது. 1994 மே 23 அன்று அட்டர்னி ஜெனரல் மைக் மூர் சிகரெட் கம்பெனிகள் மீது வழக்குப் போட்டார். யோசனை அவருடைய சட்டக் கல்லூரித் தோழர் ஒருவருடையது. புகைத்தவர்கள் தொடுத்த வழக்குகள் எல்லாம் அதுவரை "தெரிந்துதானே புகைத்தாய்?" என்ற ஒரே கேள்வியில் தோற்றுக்கொண்டிருந்தன. மூரின் மனு அந்தக் கேள்விக்கே இடம் தரவில்லை. மாநிலம் புகைக்கவில்லை, ஆனால் ஏழை நோயாளிகளின் ஆஸ்பத்திரிச் செலவை மாநிலம்தான் கட்டுகிறது, அந்தப் பணத்தைக் கொடு என்றது. அவருடைய கவர்னர் கர்க் ஃபோர்டைஸ் வழக்கை நிறுத்தச் சொல்லி நீதிமன்றம் போனார்; பலிக்கவில்லை. மாநிலங்கள் ஒவ்வொன்றாக மூரைப் பின்தொடர்ந்தன. மினசோட்டா நடத்திய வழக்கில் கம்பெனிகளின் மூன்றரைக் கோடிப் பக்க ரகசிய ஆவணங்கள் வெளியே வந்தன. மிஸ்ஸிஸிப்பி, ஃபுளோரிடா, டெக்சஸ், மினசோட்டா நான்கும் தனித்தனியே உடன்பாடு கண்டன. மீதி 46 மாநிலங்கள் 1998 நவம்பரில் 25 வருடங்களுக்கு 20,600 கோடி டாலர் என்ற ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. தெருவோர சிகரெட் விளம்பரப் பலகைகளும் குழந்தைகளைக் கவரும் கார்ட்டூன் விளம்பரங்களும் நின்றன. நாடாளுமன்றத்தால் நிறைவேற்ற முடியாததை மாநில வக்கீல்கள் கூடிச் செய்தார்கள்.

இந்த வெற்றிக்கு நிழலும் உண்டு. வந்த பணத்தில் பெரும்பகுதி புகையிலைத் தடுப்புக்குப் போகாமல் மாநிலங்களின் பொதுச் செலவில் கரைந்தது. டெக்சஸின் அட்டர்னி ஜெனரல் டான் மொராலஸ், அந்த ஒப்பந்தத்தின் வக்கீல் கட்டணத்தில் தன் நண்பருக்குப் பங்கு வாங்கித்தர முயன்ற விவகாரத்தில் 2003இல் சிறை சென்றார். பெரிய நிறுவனங்களும் பாடம் கற்றுக்கொண்டன. அட்டர்னி ஜெனரல்கள் தேர்தலில் நிற்பவர்கள். தேர்தலுக்குப் பணம் வேண்டும். குடியரசுக் கட்சி அட்டர்னி ஜெனரல்களின் சங்கம் 1999இல் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் முன்னின்றவர் அலபாமாவின் பிரையர். ஜனநாயகக் கட்சியினரும் தங்களுக்கு ஒன்று அமைத்துக்கொண்டார்கள். 2014இல் நியூயார்க் டைம்ஸின் எரிக் லிப்டன் வெளிக்கொண்டுவந்த ஒரு கடிதம் எல்லாவற்றையும் சொல்லிவிடும். ஓக்லஹோமாவின் அட்டர்னி ஜெனரல் ஸ்காட் ப்ரூயிட், மத்திய சுற்றுச்சூழல் முகமையைக் கண்டித்து 2011இல் அனுப்பிய கடிதம் அது. எழுதிக்கொடுத்தவர்கள் டெவன் எனர்ஜி என்ற எண்ணெய் எரிவாயு நிறுவனத்தின் வக்கீல்கள். ஏறக்குறைய அப்படியே மாநில முத்திரைத் தாளில் ஏறி, ஓக்லஹோமா மக்களின் குரலாக வாஷிங்டன் போய்ச் சேர்ந்தது.

இதற்கு நேர் எதிரான கடிதப் போக்குவரத்தும் நடந்திருக்கிறது. வக்கீல் வைக்க வசதியில்லாத கிளாரன்ஸ் கிடியன் என்ற கைதியின் வழக்கு 1962இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. ஃபுளோரிடா அட்டர்னி ஜெனரலின் அலுவலகம் தன் பக்கம் சேரச் சொல்லி மற்ற மாநிலங்களுக்கு எழுதியது. மினசோட்டாவின் வால்டர் மாண்டேல் சேர மறுத்தார். ஏழைக்கும் வக்கீல் வேண்டும் என்று எதிர்ப்பக்கம் ஆள் திரட்டினார். ஃபுளோரிடாவுக்குத் துணையாக வந்தவை அலபாமாவும் வட கரோலினாவும் மட்டுமே. 22 மாநிலங்கள் கைதியின் பக்கம் நின்றன. குற்றம் சாட்டும் வேலையில் இருப்பவர்களே குற்றம் சாட்டப்பட்டவருக்காக வாதாடிய அந்த மனுவை இந்த அலுவலகங்களின் பெருமைகளில் முதலாவதாக வைக்கலாம்.

தமிழ் வேர் கொண்ட ஒருவரும் இந்தப் பதவியில் இருந்திருக்கிறார். மன்னார்குடி அருகே துளசேந்திரபுரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட பி.வி. கோபாலனின் பேத்தி கமலா ஹாரிஸ், 2010இல் கலிஃபோர்னியாவின் அட்டர்னி ஜெனரல் தேர்தலில் நின்றார். தேர்தல் இரவிலேயே எதிர்வேட்பாளர் வெற்றியை அறிவித்துவிட்டார். எண்ணி முடிக்க மூன்று வாரமானது. ஒரு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் ஹாரிஸ் வென்றார். வீட்டுக்கடன் மோசடிகளுக்காக ஐந்து பெரிய வங்கிகளுடன் மாநிலங்கள் நடத்திய பேச்சுவார்த்தையிலிருந்து 2011இல் அவர் வெளியேறினார், கொடுக்க வந்த தொகை போதாது என்று. 2012இல் 49 மாநிலங்களுக்குமாக 2,500 கோடி டாலருக்கு உடன்பாடு வந்தபோது கலிஃபோர்னியாவின் பங்கு பல மடங்கு கூடியிருந்தது.

ஆனால் அவர் காலத்தின் கடினமான கேள்வி வேறு. ஒருபாலினத் திருமணத்தைத் தடைசெய்ய மக்களே வாக்களித்துக் கொண்டுவந்த சட்டத்துக்காக வாதாட அவர் மறுத்தார்; அவருக்கு முன்பிருந்த ஜெர்ரி பிரவுனும் மறுத்திருந்தார். 2014இல் கலிஃபோர்னியாவின் மரண தண்டனை முறை செல்லாது என்று ஒரு கூட்டாட்சி நீதிபதி தீர்ப்பளித்தார். மரண தண்டனையை வாழ்நாள் முழுக்க எதிர்த்தவர் ஹாரிஸ். என்றாலும் அந்தத் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்து வென்றார். சட்டத்தைக் காப்பேன் என்று தேர்தலில் அவர் வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு சட்டத்தைக் கைவிடவும் இன்னொன்றைக் காக்கவும் ஒரே ஆளுக்கு என்ன அளவுகோல்? முதலாவது அரசியலமைப்புக்கு அப்பட்டமாக விரோதம், இரண்டாவது அப்படியல்ல என்பது அவர் தரப்பு. கட்சிக்காரரின் வழக்கைப் பிடிக்கவில்லை என்றால் சாதாரண வக்கீல் விலகிக்கொள்ளலாம். மாநிலத்துக்கு வேறு வக்கீல் கிடையாது. சட்டத்தைக் கைவிடும் உரிமையை மிக அரிதாகவே இவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். ஹாரிஸின் முதல் முடிவை வரவேற்றவர்களே இரண்டாவதில் ஏமாந்தார்கள். இரண்டாவது இல்லாமல் முதலாவதற்கு நியாயம் வந்திருக்காது.

மான்ட்கமரிக்குத் திரும்பலாம். 2016இல் கவர்னர் ராபர்ட் பென்ட்லி மீது சட்டமன்றத்தில் பதவி நீக்க விசாரணை நடந்துகொண்டிருந்தது. அட்டர்னி ஜெனரல் லூதர் ஸ்ட்ரேஞ்ச், தன் அலுவலகமும் தொடர்புடைய வேலையில் இருப்பதாகச் சொல்லி அந்த விசாரணையைச் சிறிது நிறுத்திவைக்கக் கேட்டார். 2017 பிப்ரவரியில் செஷன்ஸ் வாஷிங்டன் அமைச்சரவைக்குப் போனதால் அவர் வகித்துவந்த அலபாமாவின் செனட் இடம் காலியானது. அந்த இடத்தை நிரப்பும் அதிகாரம் கவர்னருடையது. பென்ட்லி தேர்ந்தெடுத்தது ஸ்ட்ரேஞ்சை. காலியான அட்டர்னி ஜெனரல் நாற்காலிக்கு ஸ்டீவ் மார்ஷலை நியமித்ததும் அதே பென்ட்லிதான். தன்னை நியமித்தவரைத் தானே விசாரிக்க முடியாது என்று மார்ஷல் சில நாட்களிலேயே விலகி, தனி வழக்கறிஞரை அமர்த்தினார். ஏப்ரல் 10 அன்று பென்ட்லி குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகினார். தேர்தலில் வந்தவருக்குக் கவர்னரின் கையால் பரிசு வந்ததும், நியமனத்தில் வந்தவர் கவர்னரை விட்டு விலகி நின்றதும் ஒரே மாதத்தில் நடந்தவை.

அந்த செனட் இடத்துக்கு 2017 டிசம்பரில் நடந்த தேர்தலில் ராய் மூர் நின்றார். அவரைத் தோற்கடித்தவர் டக் ஜோன்ஸ். நாற்பது வருடங்களுக்கு முன், சட்டக் கல்லூரி மாணவராக வகுப்புகளைத் தவறவிட்டு சாம்ப்ளிஸ் வழக்கு விசாரணையை நீதிமன்றத்தில் உட்கார்ந்து பார்த்தவர் அவர். பின்னாளில் கூட்டாட்சி அரசின் வழக்கறிஞராகி, மீதியிருந்த குற்றவாளிகளில் தாமஸ் பிளான்டனை 2001இலும் பாபி செர்ரியை 2002இலும் தண்டனைக்கு உள்ளாக்கினார்.

பிளான்டனைச் சிக்கவைத்தது ஓர் ஒலிநாடா. 1964இல் எஃப்.பி.ஐ. அவர் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையலறைச் சுவரில் ஒட்டுக்கேட்கும் கருவியைப் பொருத்தியிருந்தது. வெடிகுண்டுக்குத் திட்டமிட்ட கூட்டத்தைப் பற்றி மனைவியிடம் அவர் பேசியது அதில் பதிவாகியிருந்தது. தீர்ப்பு வந்த இரண்டு நாளில் பாக்ஸ்லி நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். அப்படி ஒரு நாடா இருக்கிறது என்பதே 1970களில் தனக்குச் சொல்லப்படவில்லை, கிடைத்திருந்தால் அப்போதே பிளான்டனையும் கூண்டில் ஏற்றியிருப்பேன் என்றார். அவர் கோப்புகளுக்காக அலைந்த வருடங்கள் முழுவதும் நாடா எஃப்.பி.ஐ.யிடமேதான் இருந்தது. சாம்ப்ளிஸ் சிறை சென்ற பிறகு இன்னும் 23 வருடங்கள் பிளான்டன் வெளியேதான் நடமாடினார்.